மூவிலைத் தோரணம்

மிஸஸ் கெம்ப் சமையலறை மேசையில் வைத்து இலைகளுக்கு அயன் பண்ணிக்கொண்டிருந்தார். சேட்டுக்கு அல்ல, மேசை விரிப்புக்கு அல்ல, இலைக்கு. வாசலில் நின்ற மேப்பிள் மரம் வேண்டாமென்று கழற்றிப் போட்ட சிவப்புச் சருகுகளைப் பொறுக்கி வந்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, இரண்டு மெழுகுத்தாள்களுக்கு நடுவே கிடத்தி, மேலே பழைய துவாய் ஒன்றைப் போர்த்தி, குழந்தைக்கு முதுகு தடவுகிற மாதிரி அயன்பெட்டியை ஓட்டினார். உடுப்புத் தோய்க்கவென்று கூடையும் கையுமாக மேல்மாடியிலிருந்து இறங்கி வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். கூடைக்குள் என் கணவரின் சேட்டுகள் கிடந்தன. அவை அயன்பெட்டியைக் கண்டு ஒரு மாதம் இருக்கும். இந்த நாட்டில் ஒரு சருகுக்குக் கிடைக்கிற சீராட்டு, பொறியியல் படித்த அந்த மனிதருக்கு என் கையால் கிடைத்ததில்லை.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் எனக்குப் பிடிபடாத விஷயங்கள் எத்தனையோ. ஆனால் குளிரைவிட, வெந்தும் வேகாத அவர்களுடைய மரக்கறியைவிட, இந்த இலை விவகாரம்தான் என்னைக் கூடுதலாகக் குழப்பியது. ஒக்ரோபர் பிறந்தால் சனம் பித்துப் பிடித்ததுபோல் கார்களில் ஏறி நகரத்தை விட்டுப் போகிறது. எங்கே என்று கேட்டால் ‘கலர்ஸ் பார்க்க’ என்கிறார்கள். மரம் மொட்டையாவதைப் பார்க்கச் சாண்ட்விச் கட்டிக்கொண்டு போகிற சனத்தை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் இலை என்பது கூட்டித் தள்ளுகிற சாமான். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னர் முற்றத்தில் சருகு கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். கொக்குவிலில் எங்கள் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரம் வருடம் முழுக்க இலை கொட்டி என் முதுகை முறித்தது. அதற்குப் பழிவாங்கத்தானோ என்னவோ, நான் அதன்மேல் ஏறிக் கொப்பிலிருந்தபடியே காயைக் கடித்துத் தின்பேன். மாங்காய்ப் பால் சுட்டு, வாயோரம் பொருக்கு வைத்த முகத்தோடுதான் பள்ளிக்கூடக் காலம் முழுவதும் திரிந்தேன். “உந்த மூஞ்சையை ஆரடி கட்டப்போறான்?” என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

கடைசியில் கட்டியவர், வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்த ஒரு கொழும்புப் பொறியியலாளர். மாம்பழத்தைத் தோல் சீவித் துண்டுபோட்டு, முள்ளுக்கரண்டியும் வைத்துக் கொடுத்தால் மட்டும் சாப்பிடுகிறவர். அவர்தான் என்னைக் கனடாவுக்குக் கூட்டிவந்தார். ஊரில் நான் சங்கீத ரீச்சர். இங்கே நகரத்தின் நடுவில் ஒரு பெரிய கடையில் கையுறை விற்கிறேன். அவர் ஒரு கந்தோரில் இருந்து சாக்கடைக் குழாய்களுக்குப் படம் வரைகிறார். நாங்கள் வாடகைக்கு இருப்பது மிஸஸ் கெம்ப்பின் வீட்டு மேல்மாடி. கீழ்த்தளத்தில் அவர் தனியாக இருந்தார். புருஷன் செத்துப் பல வருடம். முழங்கால் வருத்தம். ஞாயிறு தவறாமல் சேர்ச். நல்ல மனுஷி, ஆனால் நல்ல மனுஷி என்று நாங்கள் கண்டுபிடிக்க ஒரு வருடம் எடுத்தது. அதுவரை அவர் எங்களிடம் சொன்னதெல்லாம் இன்றைக்கு மழை வரும், நாளைக்கு மழை வராது என்பதுதான்.

மூன்று வருடத்துக்கு முந்தைய அந்த ஒக்ரோபரில், இலைக்கு அயன் பண்ணிக்கொண்டே மிஸஸ் கெம்ப் முதல்முறையாக மழை அல்லாத ஒரு விஷயம் சொன்னார். “தாங்ஸ்கிவ்விங்குக்கு என் மகன் வருகிறான், டியர். மனைவியையும் கூட்டிக்கொண்டு.” சொல்லும்போது அயன்பெட்டியைத் தூக்க மறந்துவிட்டார். துவாய் கருகி மணந்தது. மகன் ஒருவன் இருக்கிறான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கதையை மெல்ல மெல்லப் பிடுங்கினேன். கதை பிடுங்குவதில் கொக்குவில் பெண்களை யாரும் வெல்ல முடியாது. மகன் றொஜர், கல்கரியில் வேலை. ஐந்து வருடத்துக்கு முன்னர் லின்டா என்ற பெண்ணைக் கட்டினான். அவள் ஏற்கெனவே ஒருமுறை கலியாணம் முடித்து விவாகரத்து வாங்கியவள். மிஸஸ் கெம்ப்பின் சேர்ச் மூக்கைச் சுளித்தது. மிஸஸ் கெம்ப் கலியாணத்துக்குப் போகவில்லை. அன்றிலிருந்து கிறிஸ்மஸுக்கு ஒரு கார்ட் வரும், ஒரு கார்ட் போகும். வேறு போக்குவரத்து இல்லை.

இதைக் கேட்டதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது என்றால் என்னைத் திட்டாதீர்கள். வந்த நாள் தொட்டு இந்த வெள்ளைக்காரர்கள் எல்லாரையும் ஒரு குறையும் இல்லாத, கோபமும் இல்லாத, பிளாஸ்ரிக் சனம் என்று நினைத்துத் தாழ்வுமனப்பான்மையில் இருந்தேன். கலியாண வீட்டுக்குப் போகாமல் விட்டு ஐந்து வருடம் முகம் பாராமல் இருக்கிறார்களாம்! இது அச்சொட்டாக எங்கள் மாமா வீட்டுக் கதை. மேலே ஓடிப்போய் இவரிடம் சொன்னேன். “உவையும் எங்கட ஆக்கள்தானப்பா!” பேப்பருக்குள் இருந்து தலையைத் தூக்காமல் இவர் சொன்னார்: “அப்ப இனி வாடகை கூட்டுவினம்.”

ஆனால் சிரிப்புக்கு அப்பால் எனக்கு அந்த மனுஷியை நினைக்கப் பாவமாகத்தான் இருந்தது. அடுத்த சில நாட்களில் அவர் மகனுடைய பழைய அறையை மூன்றுமுறை தூசி தட்டினார். மகனுக்கு இன்னும் பூசணிக்காய்ப் பை என்கிற இனிப்புப் பண்டம் பிடிக்குமா என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? “இந்த முறை சரிவராவிட்டால் அவன் இனி வரமாட்டான்” என்று ஒருநாள் படிக்கட்டில் நின்று, என்னைப் பாராமல், கைப்பிடியைப் பார்த்துச் சொன்னார். பிறகுதான் அந்த உதவியைக் கேட்டார். அவருக்கு முழங்கால் முடியாது. வாசலையும் சாப்பாட்டு மேசையையும் நான் சோடித்துத் தரமுடியுமா? பூசணிக்காய், சோளப்பொத்தி, கொஞ்சம் சிவப்பு இலைகள், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். அத்தோடு விட்டிருக்கலாம். மரியாதைக்காக இன்னொரு கேள்வியும் கேட்டார்: “உங்கள் நாட்டில் ஒரு முக்கியமான விருந்தாளியை எப்படி வரவேற்பீர்கள்?”

அது என்னிடம் கேட்கக்கூடாத கேள்வி. மருமகள் முதல்முறை வீட்டுக்குள் கால் வைக்கப் போகிறாள். சும்மா பூசணிக்காயை உருட்டிவிட்டு ‘ஹலோ’ சொல்லுகிற விஷயமா இது? வாசலில் நிறைகுடம் வேண்டும். குத்துவிளக்கு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே நிலையில் மாவிலைத் தோரணம் வேண்டும். மற்றவையெல்லாம் என் சூட்கேசுக்குள் வந்து சேர்ந்திருந்தன. மாவிலைக்கு எங்கே போவேன்? அப்போது நவராத்திரி நாட்கள் வேறு. என் மனம் முழுக்க வாசலும் விளக்குமாகத்தான் இருந்தது. மேப்பிள் இலையைக் கட்டிப் பார்த்தேன். அது விரித்த கைபோல அகலமாக நின்றது. நூலில் கோத்தால் ‘நில், போ’ என்று வீதியில் பொலிஸ்காரன் கைகாட்டுவது போலிருந்தது. தோரணத்துக்கு இலை நீளமாக, கூராக, தலை குனிந்து தொங்க வேண்டும். இது தெரியாத பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை.

சனிக்கிழமை எங்கள் பழைய காரில் ஸ்ரௌவ்வில் பக்கத் தோட்டமொன்றுக்குப் போய்ப் பூசணிக்காயும் காய்ந்த சோளத்தட்டையும் ஏற்றிக்கொண்டோம். திரும்பும்போது ரூஜ் ஆற்றுப் பள்ளத்தில் காரை நிறுத்தச் சொன்னேன். இறங்கி நின்ற பிறகுதான், உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வாயடைத்துப் போயிற்று. கரை முழுக்க மஞ்சளும் செம்மஞ்சளும் இரத்தச் சிவப்பும். வெயில் இலைகளுக்குள்ளால் புகுந்து வந்து இவருடைய மொட்டைத் தலையைக்கூடப் பொன்னாக்கியிருந்தது. சாண்ட்விச் கட்டிக்கொண்டு வருகிற சனத்தை அதற்குப் பிறகு நான் பகிடி பண்ணியதில்லை. பட்டுப்போன ஒரு மரத்தில் சுற்றி ஏறியிருந்தது ஒரு கொடி. அதன் இலைகள் மற்ற எல்லாவற்றையும்விடச் சிவப்பு. பளபளவென்று எண்ணெய் பூசினதுபோல மினுங்கின. ஒவ்வொரு காம்பிலும் மூன்று இலை. நீளம், கூர், தலைகுனிவு எல்லாம் அளந்து செய்தது மாதிரி.

“இஞ்சை பாருமப்பா, வில்வம் மாதிரிக் கிடக்கு” என்றார் இவர்.

“விசர்க் கதை கதையாதேங்கோ. கனடாவிலை ஆர் வில்வம் நட்டது?”

“நான் வில்வம் எண்டு சொல்லேல்லை. மாதிரி எண்டுதான் சொன்னனான்.”

மாதிரி போதாதா? சைவப் பிள்ளையாகப் பிறந்தவளுக்கு ஒரு காம்பில் மூன்று இலையைக் கண்டால் வேறு யோசனை வருமா? சிவனுடைய மூன்று கண், சூலத்தின் மூன்று முனை என்று சின்ன வயதிலேயே மண்டைக்குள் ஏற்றிவிட்டார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கொடியில் கைவைத்தேன். அப்போது ஆற்றின் அக்கரையில் நாயோடு நடந்துபோன ஒரு மனிதர் எங்களைக் கண்டு நின்றார். ஏதோ கத்தினார். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கையை உயர்த்தி மூன்று விரலைக் காட்டினார். பிறகு தலையைப் பலமாக இரண்டு பக்கமும் ஆட்டினார். திரும்பவும் மூன்று விரல்.

“என்னவாம்?” என்றேன்.

“மூண்டு கொடிதான் பிடுங்கலாமாம். அதுக்கு மேலை கூடாதாம்” என்றார் இவர். “நல்ல மனிசன். சட்டத்தைச் சொல்லிப்போட்டுப் போறான்.”

நாங்களும் பதிலுக்கு மூன்று விரலைக் காட்டி, தலையாட்டி, நன்றி சொல்லிவிட்டுச் சட்டப்படி மூன்றே மூன்று கொடி பிடுங்கினோம். நல்ல நீளமாகப் பார்த்துத்தான். அந்த மனிதர் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டு நாயை இழுத்துக்கொண்டு போனார். இவர் கொடிகளைத் தோளில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கோயில் தேர் இழுக்கிறவர் மாதிரி காருக்கு நடந்தார்.

ஞாயிறு விடிந்ததிலிருந்து தோரணம் கட்டினேன். நடுவே ஒரு மேப்பிள், இரண்டு பக்கமும் மூவிலை, பிறகு ஒரு சோளப்பொத்தி. நிலையில் ஆணி அடிக்க மிஸஸ் கெம்ப் விடவில்லை என்பதால் நூலைக் கொஞ்சம் தாழ்வாகவே கட்ட வேண்டியிருந்தது. நான் நின்று பார்த்தேன், தலையில் முட்டவில்லை. என் உயரம் ஐந்தடிக்கும் குறைவு. செம்பில் தண்ணீர் நிறைத்து, அதன் வாயில் ஐந்து மூவிலைக் காம்பு செருகி, தேங்காய்க்குப் பதிலாகச் சின்னப் பூசணிக்காய் ஒன்றை மேலே வைத்தேன். பிள்ளையார் கோபித்துக்கொண்டாலும் சிரித்திருப்பார். மிஸஸ் கெம்ப் வந்து பார்த்தார். மகனுக்கு முன்னால் கிழவியாகத் தெரியக்கூடாது என்று அன்றைக்குக் காலையிலேயே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். “சிவப்பு! எவ்வளவு சிவப்பு!” என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் கலங்கியிருந்தது.

பின்னேரம் டக்ஸி வந்து நின்றது. றொஜர் இறங்கினான். இறங்கி நிமிர்ந்தான், நிமிர்ந்துகொண்டே இருந்தான். இவ்வளவு சின்ன மனுஷிக்கு இப்படியொரு பனைமரமா! வாசலுக்குள் நுழைந்தவன் முகத்தைத் தோரணம் நெற்றியிலிருந்து நாடிவரை நன்றாகத் தடவி ஆசீர்வதித்தது. கையால் விலக்கினான். லின்டா பின்னால் வந்தாள். செம்பட்டைத் தலைமயிர், பயந்த கண்கள். பயத்தில் ஏதாவது செய்யவேண்டுமென்று நினைத்தாளோ, தோரணத்தைத் தொட்டு “ஓ, என்ன அழகு!” என்றாள். நான் பூரித்துப்போய் ஒரு மூவிலையை ஒடித்து அவள் காதுக்குமேல் செருகிவிட்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி மாமியார் ஓடிவந்து கட்டிக்கொள்வார் என்று ஒதுங்கி நின்றேன். மிஸஸ் கெம்ப் முன்னால் வந்தார். கையை நீட்டினார். மருமகளுக்குக் கை குலுக்கினார். வங்கி மனேஜருக்குக் குலுக்குவது மாதிரி.

திங்கட்கிழமை விருந்து. எங்களையும் அழைத்திருந்தார்கள். எனக்கு நவராத்திரி, மச்சம் மாமிசம் இல்லை. அதனால் உருளைக்கிழங்கோடு இருந்தேன். இவருக்கும் இல்லைத்தான், ஆனால் வான்கோழி எங்கள் ஊரில் இல்லாத சாமான், ஆகையால் விரதக் கணக்கில் வராது என்று ஒரு சட்டம் கண்டுபிடித்து இரண்டுமுறை வாங்கிச் சாப்பிட்டார். மேசையில் ‘தாங்க் யூ’ மழை. உப்பு தந்ததற்கு தாங்க் யூ, உப்பைத் திருப்பித் தந்ததற்கும் தாங்க் யூ. எங்கள் ஊரில் சாப்பிட்டு எழும்பி நன்றி சொன்னால் ‘ஏன், இனி இந்தப் படலை மிதியாயோ?’ என்று சண்டைக்கு வருவார்கள். இங்கே ஐந்து வருடம் முகம் பாராத தாயும் மகனும் எதிரெதிரே இருந்து, வான்கோழி நன்றாக வெந்திருக்கிறது என்று ஒருவருக்கொருவர் உறுதி கூறிக்கொண்டிருந்தார்கள். பிறகு, நன்றி சொல்கிற பண்டிகை ஆனபடியால், ஒவ்வொருவராக எதற்கு நன்றி என்று சொல்ல வேண்டுமாம். றொஜர் “உபசரிப்புக்கு” என்றான். லின்டா “அழகான சோடனைக்கு” என்றாள். மிஸஸ் கெம்ப் நல்ல காலநிலைக்கு நன்றி சொன்னார். என் முறை வந்தது. ‘பாவிகளே, ஒருவராவது பழைய கதையை எடுத்து ஒருபாட்டம் அழுது மூக்கைச் சிந்துங்களேன்’ என்று நாக்கு நுனிவரை வந்தது. என் இங்கிலீஷ் அதைத் தாங்கவில்லை. “பூசணிக்காய்க்கு நன்றி” என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

விருந்து முடிந்ததும் றொஜர் எழும்பி, நாளைக்குக் காலமை பிளேன், சாமான் அடுக்க வேண்டும் என்றான். “எல்லாம் நன்றாக இருந்தது, மதர்” என்றான். அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, மதராம். நான் பாத்திரம் துடைக்கக் குசினிக்குள் போனபோது மிஸஸ் கெம்ப் ஒரு பீங்கானைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துத் திரும்பவும் அதையே கழுவினார். “நன்றாகப் போனது, இல்லையா, டியர்?” என்றார். “ஓம்” என்றேன் தமிழில். அடுத்த வருடம் ஒரு கார்ட் வரும், ஒரு கார்ட் போகும். நிறைகுடமும் தோரணமும் வைத்தும் ஒன்றும் அசையவில்லையே என்று என் சாமிகளோடும் கோபம்.

செவ்வாய் விடியக் கீழேயிருந்து ஒரு அலறல். நான் பாதிப் படியில் நின்று பார்த்தேன். றொஜர் குளியலறை வாசலில் நின்றான். அவன்தான் என்று உயரத்தை வைத்துத்தான் சொல்லமுடிந்தது. முகம் வீங்கிப் பணியாரமாகியிருந்தது. ஒரு கண் முழுக்க மூடிவிட்டது. மற்றக் கண் என்னைப் பார்த்தது. லின்டாவின் காதும் கன்னமும் கைகளும் கொப்புளம். இரண்டு பேரும் சொறிகிறார்கள், சொறிகிறார்கள், அப்படிச் சொறிகிறார்கள். மிஸஸ் கெம்ப்புக்குக் கையில் மட்டும் நாலைந்து தடிப்பு. இந்தக் கோலத்தில் பிளேனில் ஏற்றுவார்களா? பக்கத்துத் தெருவில் இருந்த கிழட்டு டொக்டர் பையோடு வந்தார். வாசலில் தோரணத்துக்குக் கீழே அப்படியே நின்றுவிட்டார். தொடாமல் கிட்டப்போய்ப் பார்த்தார். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, மெல்லக் கையை உயர்த்தி, மூன்று விரலைக் காட்டினார்.

ஐயோ, ஆற்றங்கரை மனிதர்! மூன்று இலை கண்டால் கிட்டப் போகாதே என்று இந்த நாட்டில் தவழுகிற பிள்ளைக்கும் சொல்லி வளர்ப்பார்களாம். பொய்ஸன் ஐவி என்று பெயராம். அதன் எண்ணெய் பட்ட தோல் கொப்புளித்துவிடுமாம், காய்ந்த பிறகும் விஷம் போகாதாம். மூன்று இலை கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள் என்று வளர்க்கப்பட்ட நான் அதை மாலையாகக் கட்டி, வீட்டுக்கு வந்த மருமகளின் காதில் செருகியிருக்கிறேன். தாழ்ந்த குரலில் டொக்டர் கேட்டார்: “இதைக் கட்டியது யார்?” நான் கையைத் தூக்கினேன். அவர் என் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு தடிப்பு இல்லை. ஒரு சிவப்பு இல்லை. கீழ்த்தளத்தில் எல்லாரும் சொறிய, சூனியக்காரி மாதிரி நான் ஒருத்தி மட்டும் வழுவழுவென்று நின்றேன்.

“நீ மாம்பழம் தின்று வளர்ந்தவளா?” என்று கேட்டார் டொக்டர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் பேர் தெரியாமல் மரத்தில் தொங்குகிற சாதி என்று நினைத்தானோ? “கறுத்தக்கொழும்பான் தெரியுமோ உங்களுக்கு?” என்று வெடித்தேன். அவர் கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார். இந்தக் கொடியும் மாமரமும் ஒரே குடும்பமாம். மாங்காய்ப் பாலில் இருப்பதும் இந்த எண்ணெயின் சொந்தம்தானாம். சின்ன வயதிலிருந்து அதில் ஊறினவர்கள் சிலருக்கு இது ஒன்றும் செய்யாதாம். என் வாயோரப் பொருக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மாவிலை கிடைக்காமல் நான் தேடிப் பிடித்துக் கட்டியது மாமரத்தின் ஒன்றுவிட்ட சகோதரியை! குளிர்தேசத்துக்கு வந்து குணம் கெட்டுப்போன சகோதரி. டொக்டர் சொன்னது சரியோ பிழையோ என்ற சந்தேகம் ஒருகிழமையில் தீர்ந்தது. முள்ளுக்கரண்டியால் மாம்பழம் சாப்பிட்ட என் கொழும்புக் கணவருக்குக் கழுத்திலும் தோளிலும், மாலை போட்ட இடத்தில் மாலையாகவே கொப்புளம் போட்டது.

ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாத் தோரணத்தையும் நானே அவிழ்த்துக் கட்டி வெளியே போட்டேன். மேலே வந்து சூட்கேசை இழுத்து வைத்தேன். “சாமானைக் கட்டுங்கோ. மனிசி எங்களை வீட்டை விட்டு எழுப்பப் போகுது” என்றேன். அந்த மனுஷி ஐந்து வருடம் காத்திருந்து பிடித்த ஒரே நாளை நான் சொறிய வைத்துக் கெடுத்துவிட்டேனே என்று அழுதேன். இவர் தோளைத் தொட்டார். வழக்கமான பகிடி ஒன்றும் விடவில்லை.

புதன்கிழமைதான் அது நடந்தது. வெளியே போக வழியில்லாமல், நித்திரையில்லாமல், உடம்பெல்லாம் டொக்டர் கொடுத்த இளஞ்சிவப்பு மருந்தைப் பூசிக்கொண்டு மூன்று பேரும் ஒரே கூரைக்குள் கிடந்தார்கள். அந்த நிலையில் யாருக்குத்தான் மரியாதை மிஞ்சும்? மருந்துப் போத்தலை யார் மூடாமல் வைத்தது என்பதில்தான் தொடங்கியது. றொஜர் கத்தினான். மிஸஸ் கெம்ப் கத்தினார். அந்த மெலிந்த உடம்புக்குள் இவ்வளவு குரல் இருந்ததா! “என் கலியாணத்துக்கு நீ வரவில்லை!” “நீ எனக்குச் சொல்லாமல் முடிவெடுத்தாய்!” “அப்பா இருந்திருந்தால் வந்திருப்பார்!” பிறகு லின்டாவின் குரல், எல்லாருக்கும் மேலாக: “நான் இங்கேதான் நிற்கிறேன்! என்னைப் பார்த்துப் பேசுங்கள்!” ஏதோ ஒரு பீங்கான் உடைந்தது. நான் மேலே தரையில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். இவர் எட்டிப் பார்த்து, “என்னப்பா நடக்குது?” என்றார்.

“சண்டை பிடிக்கினம்!” என்றேன். “அப்பாடா, முறையாச் சண்டை பிடிக்கினம்!”

பிறகு யாரோ அழுதார்கள். பிறகு, கடவுளே, யாரோ மூக்கைச் சிந்தினார்கள். பின்னேரம் மெல்ல இறங்கிப் போனேன். சமையலறையில், இலைக்கு அயன் பண்ணிய அதே மேசையில், லின்டா இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மிஸஸ் கெம்ப் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அவள் பின்னால் நின்று, கொப்புளங்களில் படாமல், அவள் தலையை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். றொஜர் மூடின கண்ணோடு மிச்சப் பூசணிக்காய்ப் பையைத் தட்டோடு வைத்துத் தின்றுகொண்டிருந்தான். “மம், இதில் நீ கறுவாவைக் கூட்டிப் போட்டிருக்கிறாய்” என்றான். மதர் போய்விட்டாள்.

அவர்கள் அடுத்த வாரம்தான் கல்கரிக்குப் போனார்கள். புறப்படும்போது லின்டா மாமியாரைக் கட்டிப்பிடித்தாள். என்னையும் கட்டிப்பிடிக்க வந்து, கொஞ்சம் யோசித்து, என் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு கட்டிப்பிடித்தாள். “கிறிஸ்மஸுக்கு வருவோம்” என்றான் றொஜர் என்னைப் பார்த்து. “அப்போது இலை இருக்காது.” மிஸஸ் கெம்ப் எங்களை வீட்டை விட்டு எழுப்பவில்லை. டக்ஸி மறைந்த பிறகு வாசலில் நின்று சொன்னார்: “அடுத்த தாங்ஸ்கிவ்விங்குக்கும் வாசலை நீதான் சோடிக்க வேண்டும், டியர். ஆனால் முதலில் என்னிடம் காட்டு. நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிறேன்.”

அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் நடக்கிறது. போன சனிக்கிழமை நானும் இவரும் ரூஜ் பள்ளத்துக்குப் போனோம். இந்தமுறை றொஜரும் லின்டாவும் கைக்குழந்தையோடு வருகிறார்கள். மிஸஸ் கெம்ப் ஒரு மாதமாக மழையைப்பற்றிக் கதைக்கவே இல்லை. நான் மேப்பிளும் ஓக் இலையும் சேர்த்துக்கொண்டேன். திரும்பும் வழியில், அதே பட்டமரம், அதே கொடி. வெயிலில் எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு, ஒரு காம்புக்கு மூன்றாகத் தலைகுனிந்து நின்றது. அந்த வீட்டில் யாருக்காவது நன்றி சொல்வதென்றால் இதற்கல்லவா முதலில் சொல்ல வேண்டும்? கை தன்பாட்டில் நீண்டது. “தொடாதையுமப்பா!” என்று இவர் கழுத்தைத் தடவிக்கொண்டு தூரத்தில் நின்று கத்தினார்.

அன்றைக்கு டொக்டர் போகும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். இப்போதைக்குத்தான் இது உன்னை ஒன்றும் செய்யாது. இங்கேயே இருந்து, ஊர் மாமரத்தை விட்டுக் காலம் போகப் போக, ஒருநாள் உனக்கும் எங்களைப்போல் சொறியத் தொடங்கலாம் என்றார். அவர் அதைச் சும்மாதான் சொன்னார். கறுத்தக்கொழும்பானை நான் கடித்து ஆறு வருடமாகிறது. ஒரு விரலால் தொட்டால் போதும். இரண்டு நாளில் தெரிந்துவிடும், நான் இன்னும் எந்த ஊர்க்காரி என்று. நீட்டிய கையை அந்த மூன்று இலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தேன். பிறகு கடையில் நான் விற்கிற அதே கம்பளிக் கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டு, காரை நோக்கி நடந்தேன்.